ஏழு இடத்தில் அது

காலை பத்தரை மணிக்கு, கடைசி மெய்ப்பின் நூற்றெண்பத்து மூன்றாம் பக்கத்தில், நாவல்காரி தன் கதாநாயகன் உயிரோடு நடமாடுவதைப் பார்த்தாள். அவனை அவள் நூற்றெழுபதாம் பக்கத்திலேயே கொன்றாயிற்று.

"கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்" என்று இருந்தது. அவள் எழுதியது "வந்தது".

நூற்றுத் தொண்ணூற்றாறைப் புரட்டினாள். அங்கேயும் "சிரித்தான்". இருநூற்றுப் பதினொன்றில் "நின்றான்". இப்படி ஏழு இடம். ஏழையும் யாரோ சிவப்பு மையால் அழகாக, ஒரு கோணல் இல்லாமல் திருத்தியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. பதிப்பகத்தில் சிவப்புப் பேனா வைத்திருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

அவள் எழுதுவது என்ன மாதிரிக் கதை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். கணவர் "க்ரைம்" என்பார். நாத்தனார் "பேய்" என்பாள். இரண்டும் சரிதான், அதுதான் வினை. போலீஸ் கதை வாங்குகிறவன் உள்ளே பேயைப் பார்த்ததும் முகம் சுளிப்பான். பேய்க் கதை வாங்குகிறவன் எஃப்.ஐ.ஆரைப் பார்த்ததும் கொட்டாவி விடுவான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஐந்து நாவல் ஓட்டியாயிற்று. இது ஆறாவது.

ஒன்பது வருஷமாகச் சூரியன் வராத ஒரு நகரம். எந்நேரமும் மழை. அங்கே திருடர்கள் பர்ஸை அடிப்பதில்லை, ஆளின் நிழலை அடித்துக்கொண்டு போவார்கள். துப்பறிகிறவனுக்குப் பெயர் கோட்டு. முதல் அத்தியாயத்திலேயே அவன் நிழலைத் திருட்டுக் கொடுத்துவிடுகிறான். பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு கிடங்குக்குள் துப்பாக்கி வெடிக்கிறது, விளக்கு அணைகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவன் எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் பாட்டுக்குக் கொலைகாரனைத் தேடப் போகிறான். கொலையானதே தான்தான் என்று அவனுக்குத் தெரியாது. வாசகனுக்கும் தெரியாது. நிழல் இல்லையே என்று யாரும் சந்தேகப்படவும் முடியாது, அதுதான் முன்பே திருடு போயிற்றே.

தெரிந்தது மொழிக்கு மட்டும். அதுவும் ஏழே ஏழு இடத்தில். மற்ற இடமெல்லாம் "அவன்" என்று போய்க்கொண்டிருக்கும் கதை, அந்த ஏழு இடத்தில் மட்டும் வாய் தவறியதுபோல "அது" என்றுவிடும். முதல் இடத்தில் அச்சுப்பிழை என்று வாசகன் நினைப்பான். இரண்டாவதில் பதிப்பகத்தைத் திட்டுவான். நாலாவதிலோ ஐந்தாவதிலோ பிடரி சிலிர்க்கும். இதற்காக ஒன்றரை வருஷம் பாடுபட்டிருந்தாள். அந்த ஏழும் இல்லையென்றால் கடைசி அத்தியாயம் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும். பின்னால் திருப்பிப் பார்க்கிற வாசகன் ஒரு தடயமும் காணாமல், ஏமாற்றுக்காரி என்பான். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும்.

நாலு மணிக்கு அச்சுக்கு பிளேட் போடுகிறார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் வாசல் வரைக்கும் நாற்காலி முதுகில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாஷிங் மெஷினில் மோட்டர் போய்ப் பன்னிரண்டு நாள்.

பதிப்பகம் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. வரிசையாக மூன்று அறை. முதலாவதில் பதிப்பாளர், நடுவில் பக்கம் கட்டுகிற பெண், கடைசியில், கழிவறைக்குப் பக்கத்து ஜன்னலோரமாக, மெய்ப்புத் திருத்துகிற அம்மா. அவருக்குப் பட்டப்பெயர் வல்லினம். க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது. "பேய் கதை" என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்ப முடியாது. மரஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தி, முப்பது வருஷமாக ஊரார் எழுத்தைச் சலித்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, ஏழு இடம் மாத்தியிருக்கீங்க," என்றாள் நாவல்காரி, வாசலில் நின்றபடியே.

வல்லினம் நிமிரவில்லை. "நானூத்திப் பன்னெண்டு இடம் மாத்தியிருக்கேன். எந்த ஏழு?"

"வந்தது, சிரிச்சது, நின்னது."

"ஓ. அதுவா. திணை வழு. ஆளுக்கு வந்தான்னுதான் வரும்."

"அவன் செத்துட்டான்க்கா. வாசிக்கிறவங்களுக்குத் தெரியாம செத்துட்டான். அதுக்காக நான் வேணும்னே வச்சது அது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

வல்லினம் ஸ்கேலை ஓரமாக வைத்தார். "மூணாவது இடத்துலயே பிடிபட்டுப்போச்சு. இருநூத்திப் பதினொண்ணு. சொந்த வீட்டுக் கதவுக்கு வெளியே நின்னதுன்னு எழுதியிருந்தீங்க. எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க."

இருபது வருஷ எழுத்து வாழ்க்கையில் நாவல்காரிக்குக் கிடைத்த மிக நல்ல விமர்சனம் இதுதான். சொன்னவரே அந்த ஏழையும் கழுத்தைத் திருகிப் போட்டிருக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"பிடிபட்டுச்சுல்ல? அப்புறம் ஏன்க்கா மாத்தினீங்க?"

"தப்பு. அதனால மாத்தினேன்."

"பிணம் அஃறிணைதானே?"

"பிணம் அஃறிணை. யார் இல்லேன்னா? உங்க ஆள் பிணமா? கோட்டு போட்டு நடக்குறான், படி ஏறுறான், பொண்டாட்டிக்கு மருந்து வாங்கணுமேன்னு நெனைக்குறான். அப்படி நெனைக்கிறது எப்படிம்மா அதுவாகும்? தேவருங்க உயர்திணை. நரகத்துல வேகுறவங்களும் உயர்திணை. இலக்கணம் அவங்களையே தள்ளி வைக்கல. நீங்க தள்ளி வைக்கிறீங்க."

ஐந்து நாவலில் எத்தனையோ பூதம், பிசாசு, கூலிக்கொலைகாரன் எல்லோரையும் நாவல்காரி சமாளித்திருக்கிறாள். இலக்கணம் தெரிந்த ஒரு அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கணவர்.

"அது எப்ப வரும்?"

"எது?"

"அதாம்மா, அது."

"வெளியில இருக்கேங்க, அப்புறம் பேசுறேன்," என்று வைத்தாள்.

பதிப்பாளரிடம் போனாள். அவர் இரண்டு அட்டைப்படத்தை மேஜையில் பரப்பி, எதில் ரத்தம் எடுப்பாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "மேடம், வாங்குறவங்க திணையா பாக்கப்போறாங்க? பேய் எத்தனாம் பக்கத்துல வருதுன்னு பாப்பாங்க," என்றார்.

"பேயே அவன்தான் சார்."

"அப்படியா?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் ஒப்பந்தம் போட்டதாகச் சொன்ன மனிதர்.

"அந்த ஏழையும் பழையபடி வைக்கச் சொல்லுங்க."

"அந்தம்மா கையெழுத்து இல்லாம இங்க ஒரு ஃபாரமும் வெளியே போகாது. விதி வச்சதே உங்களாலதானே."

அதுவும் உண்மை. அவளுடைய மூன்றாவது நாவலில், வல்லினம் காய்ச்சலில் இருந்தபோது, "குழிக்குள் பிணத்தைப் போட்டு மூடினார்கள்" என்பது "பணத்தைப் போட்டு மூடினார்கள்" என்று அச்சாகிவிட்டது. ஆயிரம் பிரதி விற்றது. ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. அந்தப் பணத்தைக் கடைசியில் யார் எடுத்தது என்று கேட்டு நாற்பது கடிதம் வந்தது. அன்றிலிருந்து ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், பதினாறுக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கையெழுத்து.

"பிளேட்டை நாளைக்குப் போடலாமா?"

"நாலு மணியை விட்டா மெஷின் பாடப்புத்தகத்துக்குப் போயிடும். மூணு வாரம். புத்தகக் கண்காட்சி பத்து நாள்ல. நீங்களே முடிவு பண்ணுங்க," என்று அவர் மறுபடி ரத்தத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நடு அறையில் பக்கம் கட்டுகிற பெண்ணோ, கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "சிவப்பு இல்லாம நான் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன் மேடம். பெரியவங்க சண்டையில என்னை மாட்டிவிடாதீங்க."

மணி பன்னிரண்டரை. நாவல்காரி கடைசி அறைக்குத் திரும்பினாள். பசி வேறு. கோபம் மூக்கின் நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. ஏழு இடத்திலும் பக்கவாட்டில் பென்சிலால் "இருக்கட்டும்" என்று எழுதி, தாள்களை மேஜைமேல் வைத்தாள். அடித்த சொல்லை அடிக்காததுபோல அப்படியே விடு என்பதற்கு அங்கே அதுதான் குறி. சொல்லுக்கு அடியில் புள்ளி வரிசை, பக்கத்தில் "இருக்கட்டும்".

வல்லினம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரப்பரை எடுத்தார். முதல் "இருக்கட்டும்" அழிந்தது.

"அக்கா." நாவல்காரியின் குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்தது. "இது என் புத்தகம். உங்க பேரு இதுல எங்கயும் வராது. திட்டு வாங்கப்போறது நான். ஒரு வார்த்தைக்கு ஏன் இப்படி உசிரை வாங்குறீங்க?"

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வல்லினம் பேனாவை மூடினார். கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பேட்டரிக் கடை வேனில் சாமான் ஏற்றுவதைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா." போன வருஷம் இறந்துபோனார். நாவல்காரி அப்போது வெளியூரில் இருந்தாள், ஒரு செய்தி அனுப்பியதோடு சரி.

"பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பையன் வேற ஊர்ல வேலை. காலையில போன் பண்ணினான். அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டான். ரெண்டு வாய் சாப்பிட்டாருடான்னேன். மதியம் மூணு மணிக்கு அவர் போயிட்டார். சாயங்காலம் பையன் பஸ்ல வந்துட்டிருக்கான், வழியில இருந்து கூப்பிடுறான். 'அம்மா, அது எப்ப வரும்?'ங்கிறான். எனக்குப் புரியல. எதுடான்னேன். 'அதாம்மா, வீட்டுக்கு எப்ப கொண்டு வராங்க'ன்னான்."

நாவல்காரி கையிலிருந்த பென்சிலை மேஜைமேல் வைத்தாள்.

"அவனைத் தப்பு சொல்லல. நல்ல பிள்ளை. அழுதுட்டேதான் கேட்டான். எல்லாரும் அப்படித்தான் பேசினாங்க. ஆஸ்பத்திரியில, வண்டிக்காரன், அவரோட கூடப்பிறந்த தம்பி. மூணு மணி வரைக்கும் அவரு, மூணே காலுக்கு அது. நான் முப்பது வருஷமா முன்னப்பின்ன தெரியாதவன் எழுத்தெல்லாம் திருத்துறேன். பெத்த பிள்ளை சொன்னதை அன்னிக்கு என்னால திருத்த முடியல. வாய் வரல. சரிடா, ஏழு மணிக்கு வரும்னு நானும் சொல்லிட்டேன். வரும்னு."

அவர் ரப்பர் தூளை ஊதித் தள்ளினார். "உங்க கதை நல்ல கதைதான். ஆனா என் பேனாவால நான் அதுன்னு விட மாட்டேன். வேற யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

நாவல்காரி வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. எரிச்சலும் போகவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, திணை கேட்கப் போனவளுக்கு ஒரு சாவு கிடைத்திருக்கிறது. இனி அந்த அம்மாவிடம் சண்டை போடவும் முடியாது. பதிப்பாளரைப் பிடித்து வேறு கையெழுத்து வாங்கலாம், வாங்கினால் அவளே நாளைக்கு அந்த ஏழு இடத்தையும் கண்கொண்டு பார்க்க மாட்டாள். விட்டுவிட்டால் புத்தகம் செத்தது. மணி ஒன்றே கால்.

மறுபடி கணவர்.

"அது எப்ப வரும்னு கேட்டேனே, ஒண்ணும் சொல்லாம வச்சிட்டே."

"எதுங்க? எது? எதுன்னு சொல்லித் தொலைங்களேன்."

"மோட்டர்தாம்மா. மெக்கானிக் உன் நம்பருக்குத்தானே சொல்றேன்னான். என்கிட்ட ஒரு உலர்ந்த சட்டை இல்ல. நீ எதை நெனைச்சே?"

அவள் பதில் சொல்லாமல் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதே மூன்று வார்த்தை. ஒன்று மோட்டருக்கு, ஒன்று லிஃப்ட் மெக்கானிக்குக்கு. பக்கத்தில் நின்று கேட்கிறவனுக்கு எது எதற்கென்று எப்படித் தெரியும்?

"நாளைக்கு வரும்," என்று வைத்துவிட்டு எழுந்தாள்.

கதை "அது" என்று சொல்ல வேண்டியதில்லை. கதை கடைசி வரை அவனை அவன் என்றே சொல்லட்டும். ஊர் சொல்லட்டும் அது என்று. கோட்டு பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். போலீஸ்காரன் "அதை யாரும் தொடாதீங்க" என்பான், கோட்டு கீழே கிடக்கிற துப்பாக்கியைப் பார்ப்பான். வீட்டுச் சொந்தக்காரர் "அது இருக்கிற வரைக்கும் இங்க யாரும் குடிவர மாட்டாங்க" என்பார், கூரை ஒழுகுவதைத்தான் சொல்கிறார் என்று கோட்டு தலையாட்டுவான். எத்தனை நல்ல துப்பறிவாளன், ஒரு சுட்டுச்சொல்லைப் பிடிக்கத் தெரியாமல் போகிறான். இது பழையதைவிட நன்றாகவே இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒன்றரை வருஷம் எங்கே போயிருந்தது இந்தப் புத்தி?

நடு அறையில் பக்கம் கட்டுகிற பெண் கண்ணை உருட்டினாள். "புது வரியா? மேடம், வரி ஓடினா பக்கம் ஓடும். பக்கம் ஓடினா ஃபாரம் ஓடும். ஃபாரம் ஓடினா நானும் எங்கயாவது ஓடிப்போயிடுவேன்."

"ஓடாது. ஒரு வரி சேத்தா அதே பக்கத்துல ஒரு வரி எடுத்துடறேன்."

"எதை எடுப்பீங்க?"

"மழையை."

எடுப்பதற்கு மழைக்கா பஞ்சம். ஒவ்வொரு பக்கத்திலும் கூரையில் பெய்தது, தொப்பியில் பெய்தது, தெருவிளக்கைச் சுற்றிப் பெய்தது. எழுதும்போது இருளும் ஈரமுமாக இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. இப்போது வரி வரியாகப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகும் நகரம் நனைந்துதான் இருந்தது, ஒரு குறையும் தெரியவில்லை.

ஆறு இடம் மூன்று மணிக்குள் முடிந்தது. ஏழாவது இருநூற்றெண்பத்தெட்டாம் பக்கம். கோட்டு தன் வீட்டுக்குள், சுவரோரமாக நிற்கிறான். மனைவி போனில் மகனோடு பேசுகிறாள். அந்த இடத்தில் நாவல்காரியின் கை நின்றது. என்ன வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அது அவளுடையது இல்லை. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு. எழுதினாள். மகனுக்கு ஒரு வரி, மனைவிக்கு ஒரு வரி. மூன்று வரி மழை போயிற்று.

மூன்று இருபதுக்கு அச்செடுத்த தாள்களை வல்லினத்தின் முன்னால் வைத்தாள்.

"கதை எங்கயும் அதுன்னு சொல்லலக்கா. நீங்க திருத்தினது திருத்தினபடியே இருக்கு. மத்தவங்கதான் சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைசித் தாள் உங்க வீட்டு விஷயம். கேக்காம எடுத்துட்டேன். வேணாம்னா அடிச்சிடுங்க. வேற ஏதாவது எழுதிக்கறேன்."

வல்லினம் ஸ்கேலை எடுத்தார். முதல் தாளில் ஒரு "க்" போட்டார். இரண்டாவதில் ஒன்றுமில்லை. கூரை ஒழுகுகிற இடத்தில் அவர் உதடு லேசாகச் சிரித்தது. தாளுக்கு ஒரு கையெழுத்து விழுந்தது. ஏழாவதுக்கு வந்தபோது ஸ்கேல் நகரவே இல்லை. நாவல்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நாலு மணியைப் பற்றிய கவலை போய், இந்த ஒரு தாளைப் பற்றிய பயம்தான் மிச்சம் இருந்தது.

தாளில் இப்படி இருந்தது:

"அதை எப்பம்மா கொண்டு வராங்க?" என்றான் மகன்.

"அது இல்லடா," என்றாள் அவள். "அவர். அவர் எப்ப வருவார்னு கேளு."

வல்லினம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். மகனின் வரியை முழுதாக அடித்தார். அடித்த வரிக்கு மேலே, சின்னச் சின்ன எழுத்தில், "அம்மா, அது எப்ப வரும்?" என்று எழுதினார்.

"இப்படித்தான் கேட்டான்," என்றார்.

பிறகு மனைவியின் வரிக்கு வந்தார். திரும்பத் திரும்ப வாசித்தார். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஒற்றும் விட்டுப்போகவில்லை. "அவர்" என்ற சொல்லுக்கு அடியில் பேனா ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போயிற்று. அந்தச் சொல்லை யாருமே அடிக்கவில்லையே என்று சொல்ல நாவல்காரி வாயெடுத்தாள். சொல்லவில்லை.

பக்கவாட்டில் "இருக்கட்டும்" என்று எழுதிவிட்டு, வல்லினம் கையெழுத்துப் போட்டார்.